இடக்கை வில்

வில் வந்த பெட்டி ஒரு வருடம் முழுக்கப் பரணில் கிடந்தது. அதைத் திறக்கக் கூடாது என்று சொன்னவர் குகதாசன். அவர் சொன்னதில் பிழை பிடிக்க ஆளில்லை. செத்தவருக்கு ஒரு வருடம் கழித்துக் கொடுக்கிற ஆட்டத்துவசம் முடியுமட்டும் அந்த வீட்டில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. கலியாணப் பேச்சு எடுப்பதில்லை, பொங்கல் பொங்குவதில்லை, புது வள்ளம் இறக்குவதில்லை. வீட்டுப் பெட்டை அம்பு விடப் பழகுவது மட்டும் இதற்குள் அடங்காமல் போய்விடுமா? வடமராட்சிக் கரையில் யாரைக் கேட்டாலும் குகதாசன் பக்கம்தான் கதைப்பார்கள்.

செத்தது அவருடைய மூத்த பிள்ளை பிரவீணன். பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் சமையல் வேலை. ஒரு காலை வேலைக்குப் போனவன் குசினிக்குள்ளேயே விழுந்தான், எழும்பவில்லை. நெஞ்சில் ஏதோ வருத்தம் இருந்ததாம். இருந்தது அவனுக்கே தெரியாதாம். அங்கேயே எரித்தார்கள். குகதாசனும் மனைவி கேதீஸ்வரியும் மகள் நிவேதனாவும் கைபேசியில் பார்த்து அழுதார்கள். நடுவில் இணைப்பு அறுந்தது. திரும்ப வந்தபோது சவப்பெட்டி உள்ளே போய்விட்டிருந்தது. பெற்ற பிள்ளையின் கடைசி முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடாத அந்தக் கைபேசியைக் குகதாசன் அதற்குப் பிறகு கையால் தொடவே இல்லை.

அவன் அனுப்பிய வில், செய்தி வந்த கிழமைக்கு முந்திய கிழமைதான் வீட்டுக்கு வந்திருந்தது. விஜயதசமிக்குத் தொடங்கலாம், நல்ல நாள் என்று குகதாசன்தான் நிறுத்தி வைத்தார். விஜயதசமி வந்தபோது வீடு செத்த வீடாக இருந்தது. அண்ணன் தங்கைக்கு ஆசையாக அனுப்பிய பொருள் அப்படியே பரணுக்கு ஏறிவிட்டது.

வில் கேட்டதும் வந்ததும் ஒரு கதை. கரவெட்டிப் பக்கம் புதிதாகத் தொடங்கியிருந்த வில்வித்தைக் கழகத்தில் நிவேதனா போய்ச் சேர்ந்தாள். படிப்பில் கெட்டிக்காரிதான், ஆனால் ஓட்டத்திலோ வலைப்பந்திலோ ஒருநாளும் எடுபட்டதில்லை. குகதாசனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "மீனுக்கு வலை இருக்கு, நண்டுக்குக் கூடு இருக்கு. வில்லு என்னத்துக்குப் பிள்ளை, கொக்குச் சுடவோ?" என்று பகிடி பண்ணினார். ஆனால் அங்கே பழக்குகிற ஜெரிசன் என்ற பொடியன் முதல் நாளே அவளைக் கவனித்துவிட்டான். கல்லெறிந்தாலும் கதவு திறந்தாலும் அவளுக்கு முன்னால் வருவது இடக்கை. கழகத்தில் இருந்ததெல்லாம் சோத்துக்கைக்காரருக்கான, வலக்கையால் நாணை இழுக்கிற வில். இடக்கைக்காரருக்கு வேறு வில் வேண்டும். சோத்துக்கையால் பிடித்து, இடக்கையால் நாணை இழுக்கிற மாதிரிச் செய்தது. அது கிடைத்தால் இவள் எங்கேயோ போய்விடுவாள் என்று அவன் சொன்னான்.

அன்று பின்னேரம் அவள் கைபேசியைச் சத்தமாக வைத்து அண்ணனிடம் இதைச் சொன்னாள். முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த குகதாசனின் காதிலும் விழுந்தது.

 மறுமுனையிலிருந்து பிரவீணன் கேட்டான். "அப்பாவுக்குத் தெரியுமே?"

"என்னது அண்ணை?"

"நீ இடக்கையாலை இழுக்கிறது."

நிவேதனா கலகலவென்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "சரி, நான் வாங்கி அனுப்புறன். ஆனா ஒண்டு சொல்லுறன் கேள். அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டிடாதை. வில்லு உடைஞ்சிடும். கடைக்காரன் மூண்டுதரம் சொன்னவன்," என்றான்.

குகதாசன் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அவன் எதைக் கேட்டான், ஏன் கேட்டான் என்பது அவருக்கு விளங்கித்தான் இருந்தது.

பிரவீணனுக்கு மூன்று வயதாக இருந்தபோது கோயிலில் ஏடு தொடக்கினார்கள். விஜயதசமி. குகதாசன் பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு ஐயருக்கு முன்னால் இருந்தார். தட்டில் பச்சையரிசி பரப்பியிருந்தது. ஐயர் கை நீட்டுவதற்கு முன்னமே பொடியன் இடக்கை விரலை அரிசிக்குள் விட்டு ஒரு கோடு கீறிவிட்டான். சுற்றி நின்ற சனம் சிரித்தது. குகதாசன் அந்தக் கையில் ஓங்கி ஒன்று போட்டார். அவரைக் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல முடியாது. நாளைக்குப் பந்தியில் இருந்தால் இடக்கையால் சோறு குழைப்பான், பெரியவர்களுக்கு இடக்கையால் வெற்றிலை நீட்டுவான், ஊர் என்ன சொல்லும் என்று பயந்த தகப்பன். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு இருக்கும் போதெல்லாம் அகப்பைக் காம்பு அவர் பக்கத்தில் இருந்தது. பிள்ளையும் வளைந்தான். இடக்கை முன்னுக்கு வர வர, அதைத் தானே பிடித்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடுப்பில் கட்டிய சாரத்துக்குள் செருகிக்கொள்ளப் பழகினான். அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை.

சுவரில் மாலை போட்ட படத்தில் அவன் விமான நிலையத்தில் நிற்கிறான். சோத்துக்கை பயணப் பெட்டியின் மேல் இருக்கிறது. மற்றக் கை பின்னால்.

மகள் பிறந்தபோது குகதாசனுக்கு அந்தப் பழைய வேகம் இல்லை. எழுத்தை மட்டும் சோத்துக்கைக்கு மாற்றிவிட்டு, மற்றதெல்லாம் உன் விருப்பம் என்று விட்டுவிட்டார். அண்ணனுக்குக் கிடைக்காதது தங்கைக்குக் கிடைத்தது என்று கேதீஸ்வரி ஒருமுறை சொல்ல, அவர் எழும்பி வெளியே போய்விட்டார்.

 துக்க வருடத்தில் நிவேதனா பெட்டியைத் தாருங்கோ என்று ஒருதரமும் கேட்கவில்லை. பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை வேப்பமரத்தில் கட்டி, பள்ளிக்கூடத்தால் வந்து உடுப்பு மாற்றியதும் அதற்கு முன்னால் போய் நிற்பாள். இடக்கையால் இழுத்து, கன்னத்தோடு கையை வைத்து, மூச்சை அடக்கி நின்று, மெள்ளத் திரும்ப விடுவாள். பிறகும் இழுப்பாள். மழைக்கும் நின்றாள், காய்ச்சலோடும் நின்றாள். சனிக்கிழமைகளில் கழகத்துக்குப் போய் மற்றப் பிள்ளைகள் விட்ட அம்புகளைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வருவாள். ரியூப் வில்லில்லைத்தானே, இதில் தொடக்கம் ஒன்றும் இல்லை என்று குகதாசன் கண்டும் காணாதவராக இருந்தார். அடுத்த விஜயதசமிக்குப் பிறகு மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிற தெரிவு வருகிறது, வில் கைக்கு வந்தால் அவளையும் போட்டிக்கு நிறுத்துவேன் என்று ஜெரிசன் சொல்லியிருந்தான். அந்தப் பிள்ளை ஒரு வருடம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான்.

ஆட்டத்துவசம் முடிந்தது. நவராத்திரியும் வந்தது. பரணிலிருந்து பெட்டியை இறக்கியபோது அது சூடாக இருந்தது, மேலே தகரக்கூரை. நிவேதனா கைப்பிடியை எடுத்தாள், அதன் மேலும் கீழும் வளைகிற பட்டைகளைப் பூட்டினாள், கூட வந்த தனிக் கயிற்றைக் காலால் மிதித்து இழுத்து நாண் ஏற்றினாள். இத்தனையும் யாரிடம் படித்தாளோ என்று குகதாசன் பார்த்துக்கொண்டே நின்றார்.  பிரவீணன் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் குளிர் நாட்டில் எந்தத் தெருவால் நடந்திருப்பான்?

பார்த்துவிட்டு அவள் நாணைக் கழற்றப் போனாள். கழற்றி வைக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பட்டைகள் களைத்துப் போகுமாம்.

"நாணில்லாத வில்லையோ அம்மாளுக்கு முன்னாலை வைக்கிறது? இருக்கட்டும் பிள்ளை," என்றார் குகதாசன்.

ஆயுத பூசைக்கு நாண் ஏற்றியபடியே சாமியறையில் வைத்தார்கள். வலை பொத்துகிற ஊசிக்கும், வள்ளத்து இயந்திரத்தின் சாவிக்கும், அவள் புத்தகங்களுக்கும் பக்கத்தில் வில். குகதாசன் தன் கையாலேயே எல்லாவற்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். வில்லுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பூசினார். கைப்பிடிக்கும் பூசினார், நாணுக்கும் பூசினார். ஆசை அப்படி.

அடுத்த நாள் விஜயதசமி. விடிந்து பூசை முடிந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"இஞ்சை வா பிள்ளை. முதல் இழுவை அம்மாளுக்கு முன்னாலை."

"வீட்டுக்குள்ளை அம்பு விடேலாதப்பா."

"அம்பு வேண்டாம். சும்மா ஒருக்கால் இழு. தொடங்கினதா இருக்கட்டும்."

"அம்பில்லாமல் இழுத்து விட்டால் உடைஞ்சிடும் எண்டு அண்ணை சொன்னவர்."

"உன்னை ஆர் விடச் சொன்னது? இழுத்துப்போட்டு மெள்ளமாத் திரும்ப விடு. உந்த ரியூப்பிலை நீ ஒவ்வொரு நாளும் செய்யிற வேலைதானே."

அது சரிதான். அவளுக்கு அது மூச்சு விடுகிற வேலை. நிவேதனா படத்தில் இருந்த அண்ணனை ஒருதரம் பார்த்துக் கும்பிட்டாள். சோத்துக்கையால் வில்லை எடுத்து நிமிர்ந்து நின்றாள். இடக்கை விரல் மூன்றும் நாணில் போய் இருந்தன. முகத்தில் ஒரு வருடத்துக்குப் பிறகு சிரிப்பு வந்திருந்தது.

"உந்தக் கையாலை வேண்டாம்," என்றார் குகதாசன்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நல்ல நாள் பிள்ளை. முதல் தொடக்கம் சோத்துக்கையாலை இருக்கட்டும். ஒரே ஒருக்கால். பிறகு உனக்கு விருப்பமான கையாலை இழு, நான் ஏனெண்டு கேக்கன்."

"இது இடக்கை வில்லப்பா."

"ஒருக்கால்தானே."

வாசலில் நின்ற கேதீஸ்வரி, "இஞ்சரப்பா, அவள் தன்ரை பாட்டுக்குச் செய்யட்டுமன்," என்றாள்.

"நீர் சும்மா இரும். நல்ல காரியத்துக்குக் குறுக்கை கதைக்காதையும்."

அவர் குரல் உயர்ந்துவிட்டது. மனைவிக்கும் மகளுக்கும் அது பிடிவாதமாகத்தான் தெரிந்திருக்கும். உள்ளே இருந்தது பயம். பிள்ளை செத்த நாளிலிருந்து ஒரு எண்ணம் அவரை அரித்துக்கொண்டிருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. ஐயர் கை பிடிக்க முன்னம் பொடியன் இடக்கையால் கீறிய அந்தக் கோடுதான் அவனுடைய தொடக்கம். தொடக்கம் பிழைத்ததால்தானோ ஆயுள் குறைந்தது? இருந்த இரண்டில் ஒன்று போய்விட்டது. மிஞ்சிய ஒன்றையாவது சரியான கையால் தொடக்கிவிட வேண்டும். புத்தியுள்ளவன் சிரிப்பான். பிள்ளையைப் பறிகொடுத்தவனுக்குப் புத்தி எங்கே இருக்கிறது?

 நிவேதனா வில்லை இடக்கைக்கு மாற்றினாள். சோத்துக்கை விரல்களை நாணில் வைத்து இழுத்தாள். ஒரு வருடமாக ரியூப் இழுத்த பலமெல்லாம் மற்றக் கையில் இருந்தது. இந்தக் கை நடுங்கியது. வில் பாதிக்கு மேல் வளைந்தது, இன்னும் கொஞ்சம் வளைந்தது. நாணில் ஈரச் சந்தனம். விரல் வழுகிவிட்டது.

சடார் என்று ஒரு சத்தம். குத்துவிளக்குச் சாய்ந்தது. கேதீஸ்வரி "ஐயோ என்ரை பிள்ளை!" என்று ஓடிவந்தாள்.

பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நாண் இடக்கையில், முழங்கைக்குக் கீழே அடித்து, அந்த இடம் சிவந்து தடித்திருந்தது. வில்லின் மேற்பட்டை நீளத்துக்குப் பிளந்து, சிம்பு சிம்பாக நின்றது.

  நிவேதனா அழுவாள், கத்துவாள், ஏசுவாள் என்று குகதாசன் பார்த்து நின்றார். அவள் குனிந்து, விழுந்த சிம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டாள். விளக்கை நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணை சொன்னவர்," என்றாள், அவ்வளவுதான்.

அந்தக் கரையில் பைபர் வள்ளம் உடைந்தால் குகதாசனிடம்தான் கொண்டுவருவார்கள். அவர் ஒட்டிய இடத்தில் வள்ளம் திரும்ப உடையாது என்று பெயர். அன்று பகலே பட்டையைக் கழற்றிக்கொண்டு கடற்கரையில் வேலைக்கொட்டிலாக இருந்த வாடிக்குப் போனார். பிளவுக்குள் பிசின் விட்டார், பைபர் துணியை வெட்டிச் சுற்றினார், காயவிட்டு உரஞ்சினார், திரும்பவும் சுற்றினார். சோறு கொண்டுபோன கேதீஸ்வரி அதை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் அதை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு கழகத்துத் திடலுக்குப் போய் ஜெரிசனின் கையில் கொடுத்தார்.

ஜெரிசன் பட்டையைத் தடவிப் பார்த்தான். முழங்காலில் வைத்து வளைத்துப் பார்த்தான். அது அசையவில்லை.

"இதை வைச்சு விடேலாது அண்ணை."

"ஏன் ஏலாது? நான் ஒட்டின வள்ளம் நடுக்கடலிலை நிக்குது. உந்தத் தடி நிக்காதோ?"

"வள்ளம் வளையக்கூடாது அண்ணை. வில்லு வளையவேணும். நீங்கள் நல்லாத்தான் ஒட்டியிருக்கிறியள். இனி இது வளையாது. வளைஞ்சாலும் ஒருநாள் தெறிச்சுப் பிள்ளையின்ரை கண்ணைக் கொண்டுபோயிடும்."

குகதாசன் பட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வேறு இடக்கை வில்லுக்கு வழியில்லையா என்று கேட்டார். கொழும்பில் கேட்டாயிற்று, இல்லையாம். வெளியிலிருந்து வர மாதக்கணக்காகும், தெரிவுக்கு வராது என்றான் ஜெரிசன். வெளியில் கேட்க இவருக்கு இருந்த ஒரே ஆளைத்தான் கைபேசியில் பார்த்து வழியனுப்பியிருந்தார். ஒட்டிய பட்டையை மடியில் வைத்துக்கொண்டு திடலின் ஓரத்தில் கனநேரம் இருந்து அழுதார். பொடியன் பார்க்காத மாதிரி அம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

தெரிவுக்குப் போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவளாகவே போனாள். கழகத்துச் சோத்துக்கை வில் ஒன்றை எடுத்து, இருந்த மிச்ச நாட்களில் அதில் பழகினாள். வேப்பமரத்து ரியூப்பை அவிழ்த்து எறிந்துவிட்டாள்.

தெரிவு நாளன்று குகதாசன் கடலுக்குப் போகவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு மகளோடு திடலுக்கு வந்தார். அவள் அம்பு விடுவதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கயிறு கட்டிய வேலிக்கு வெளியே, மற்றத் தாய் தகப்பன்மாரோடு நின்றார்.

அவள் முறை வந்தது. சோத்துக்கையால் இழுத்தாள். கன்னத்தை எட்டுவதற்குள் கை நடுங்கியது. முதல் அம்பு இலக்குப் பலகைக்கு மேலால் போனது. அடுத்தது புல்லுக்குள். ஒன்று பலகையின் ஓரத்தில் பட்டு விழுந்தது. பக்கத்தில் நின்ற ஒரு மனிசன், "இந்தப் பிள்ளை புதுசு போலை," என்றார். குகதாசன் ஓம் என்று தலையாட்டினார். 

அடுத்த சுற்றுக்கு அம்பை எடுத்து நிமிர்ந்தபோது வில் சோத்துக்கைக்கு மாறியிருந்தது, அவளுடைய இடக்கைதான் முதலில் நாணுக்குப் போனது. விரல் மூன்றும் தானாகவே மடங்கி, இருக்க வேண்டிய விதத்தில் போய் இருந்தன. ஒரு கணம்தான். ஜெரிசன் பின்னால் நின்று ஏதோ மெதுவாகச் சொல்ல, அவள் திடுக்கிட்டுக் கையை எடுத்தாள். கோட்டில் நிற்கிற மற்றவர்கள் விட்டு முடியுமட்டும் காத்திருக்க வேண்டும். வில்லைச் சோத்துக்கையில் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள். அப்போது அந்த இடக்கை மெள்ள முதுகுக்குப் பின்னால் போனது. போய், இடுப்புப் பட்டிக்குள் செருகிக்கொண்டது.

குகதாசன் அதைக் கண்டார்.

அது யார் நிற்பு என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தினமும் விளக்கு வைக்கிற படம். ஒரு வருடமாக அதற்கு மாலை மாற்றிக்கொண்டிருக்கிறார். அந்தக் கை எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆறு வயதில் பிரவீணன் சாப்பாட்டுக்கு முன்னால் அப்படித்தான் இருந்தான். பத்து வயதில் கோயில் வாசலில் அப்படித்தான் நின்றான். கடைசியாக அனுப்பி வைத்த அன்றும் அப்படித்தான் நின்றான். அந்தக் கையை அவர் ஒருநாளாவது பிடித்ததுண்டா? அடித்தது மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாரோ "ஐயா, உள்ளை வரக்கூடாது," என்றார்கள். அவருக்குக் கேட்கவில்லை. அத்தனை சனத்துக்கும் நடுவில், வள்ளத்திலிருந்து கரைக்குக் கத்துகிற குரலில் கத்தினார்.

"இடக்கையாலை இழு பிள்ளை! இடக்கையாலை இழு! அப்பா ஒண்டும் சொல்லன்!"

திடல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நிவேதனாவும் திரும்பினாள். தகப்பன் அழுகிறதைக் கண்டதும் வேட்டியெல்லாம் புழுதியாக நின்ற அவரிடம் நடந்து வந்தாள். பின்னால் இருந்த கையை எடுத்து அவர் தோளில் வைத்தாள்.

"ஏலாதப்பா," என்றாள். "இது சோத்துக்கை வில்லு."

அவள் குரலில் கோபமே இல்லை. பிரவீணனுக்கும் ஒருநாளும் கோபம் வந்ததில்லை.